இசை கேட்கிறது, வெடிச்சத்தம் ஏன் திக்குகிறது?

1992-இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டையைப் பழைய டாஸ் கணினியில் பொருத்துகிறோம். விளையாட்டின் பின்னணி இசை கேட்கிறது; துப்பாக்கிச் சத்தம் மட்டும் ஒரே துணுக்காகத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஏன்?

இரண்டும் வரும் வழி வேறு. இசையை அட்டையிலுள்ள எஃப்எம் சில்லு தானே உருவாக்குகிறது. பதிவான ஒலியோ நினைவகத்திலிருந்து டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) தடம் வழியே வருகிறது. ஒரு துண்டு முடிந்ததும், அடுத்ததைக் கேட்டு அட்டை செயலிக்கு ஐஆர்க்யூ அழைப்பு அனுப்பும். அந்த அழைப்புக்குரிய ஐஆர்க்யூ எண்ணை வேறொரு கருவியும் பிடித்திருந்தால் அழைப்பு போய்ச் சேராது. பழைய துண்டே சுழலும்.

எப்படிச் சரிசெய்வது? ஐஆர்க்யூ 7 பெரும்பாலும் பிரின்டர் போர்ட்டுக்குரியது. அட்டையும் அதிலேயே இருந்தால், அதை 5-க்கு மாற்றுங்கள். ஆட்டோஎக்ஸெக் கோப்பின் பிளாஸ்டர் வரியிலும், விளையாட்டின் ஒலி அமைப்பிலும் அதே எண்ணைக் கொடுங்கள். இசை கேட்கும் அட்டையைப் பழுதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.