மடிக்கணினி இசையில் ஒலி ஏன் தாமதிக்கிறது?

மடிக்கணினியுடன் இணைத்த கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்தும் கணத்துக்கும் அது காதில் விழும் கணத்துக்கும் உள்ள இடைவெளி 'லேட்டன்சி', அதாவது ஒலித் தாமதம், எனப்படுகிறது. கணினி ஒலியை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து பெறும் எண்களாக, அதாவது மாதிரிகளாக மாற்றி, அவற்றை 'பஃபர்' எனும் தற்காலிக நினைவகத்தில் தொகுதி தொகுதியாகச் சேர்த்த பின்னரே அனுப்புவது இதற்கு முதன்மைக் காரணமாகும்.

நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில், 256 மாதிரிகள் கொண்ட தொகுதி ஏறத்தாழ 5.3 மில்லிநொடியும், 1,024 கொண்டது 21.3 மில்லிநொடியும் எடுத்துக்கொள்ளும். பாடகரின் குரல் மைக் வழியே உள்ளே சென்று ஹெட்ஃபோனில் வெளிவரும்போது உள்வரவுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனியே இக்காலம் சேர்வதால், தாமதம் இரு மடங்குக்கும் மேலாகிறது.

தொகுதியைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். ஆனால் அடுத்த தொகுதியை ஆயத்தம் செய்யக் கிடைக்கும் அவகாசமும் சுருங்குவதால், வன்பொருளை இயங்குதளத்துடன் இணைக்கும் நிரலான 'டிரைவர்' ஒன்று, எடுத்துக்காட்டாக வைஃபைக்குரியது, செயலியைச் சிறிது நேரம் பிடித்து வைத்தாலே ஒலியில் வெடிப்பும் விட்டுவிட்டு ஒலித்தலும் தோன்றும்.

விண்டோஸின் பொது ஒலிக்கலப்பி பல நிரல்களின் ஒலிகளை ஒன்றுசேர்ப்பதால் கூடுதல் தாமதம் நேர்கிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய 'ஆசியோ' முறை அக்கலப்பியைத் தவிர்த்து, இசை மென்பொருளை ஒலிக்கருவியின் டிரைவருடன் நேரடியாக இணைக்கிறது. ஆகவே, கருவி தயாரித்தவரின் ஆசியோ டிரைவரை நிறுவி, பதிவின்போது சிறிய பஃபரையும், நிகழ்நேர வாசிப்பு தேவைப்படாத கலவைப் பணியின்போது பெரிய பஃபரையும் அமைப்பதே தக்க வழியாகும்.