எந்த வருஷத்துப் பாடம் இது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, கம்ப்யூட்டர் படிப்பில் சேரப்போகும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். காலேஜ் திறப்பதற்குள் பைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் புத்தகம் வாங்கலாம்? ஆன்லைன் கோர்ஸில் சேரலாமா? வீடியோ பார்த்தாலே போதுமா? கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். சர்டிஃபிகேட் உண்டா என்று கட்டாயம் கேட்கிறார்கள். இந்தப் பாடத்தை எந்த வருஷம் எழுதினார்கள், மொழியின் எந்த வெர்ஷனுக்கு எழுதினார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நம் கல்லூரிகளில் சி, சி பிளஸ் பிளஸ் படித்தவர்களிடம் நீலத் திரை என்றாலே டர்போ சி பிளஸ் பிளஸ் நினைவுக்கு வந்துவிடும். 1990-ல் வெளிவந்த மென்பொருள் அது. டாஸ் காலத்தில் அது ஒரு வரம். புரோகிராம் எழுதுவது, கம்பைல் செய்வது, தப்பைத் தேடுவது எல்லாம் ஒரே திரையில் நடக்கும். ஆனால் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-ல்தான். அதன் பிறகு 2011, 2014, 2017, 2020 என்று மொழி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில் டர்போ நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளை நிறுவி, பழைய கம்ப்யூட்டரில் இருப்பதாக டர்போவை நம்பவைத்து ஓட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருந்த லேப்கள் உண்டு. நோட்ஸ் அதற்காக எழுதப்பட்டது. ரெக்கார்டு நோட்டும் அப்படித்தான். எக்ஸ்டர்னல் வந்து பார்க்கிற அவுட்புட்டும் அதில் எடுத்ததுதான்.

அந்த நோட்ஸின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு ஒரு மாணவி தன் லேப்டாப்பில், இன்றைய கம்பைலரில் தட்டிப் பார்க்கிறாள் என்று வையுங்கள். முதல் வரியில் இருக்கும் ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச் என்ற ஃபைலே இல்லை என்று சொல்லும். அதைச் சரிசெய்தால், திரையைத் துடைக்கும் கட்டளை தெரியாது என்னும். அதையும் எடுத்துவிட்டால், வாய்ட் மெயின் கூடாது, மெயின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்னும். அவள் சொந்தமாக யோசித்து எழுதிய முதல் வரிக்கு வருவதற்குள் இத்தனை எர்ரர்.

எர்ரர் வந்தால்கூடத் தேவலை. டர்போவில் இன்ட் என்பது 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஃபேக்டோரியல் கணக்கு எல்லா ரெக்கார்டு நோட்டிலும் இருக்கும் பயிற்சி. 7 கொடுத்தால் 5,040 என்று சரியாக வரும். 8 கொடுத்தால் 40,320 வர வேண்டும்; வருவதோ மைனஸ் 25,216. புரோகிராமில் தப்பே இல்லை. எண்தான் இடத்தில் அடங்கவில்லை. இன்ட் என்றால் 2 பைட் என்று மனப்பாடம் செய்து வைவாவில் ஒப்பித்தவர்கள், இன்றைய கம்பைலர்கள் பெரும்பாலானவற்றில் அது 4 பைட் என்பதை இன்டர்வியூவுக்குப் போன இடத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பைத்தானிலும் இதே கதை உண்டு. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-ல். இடைப்பட்ட பதினோரு வருஷமும் இரண்டும் புழக்கத்தில் இருந்தன; இரண்டுக்கும் புத்தகங்கள் வந்தன. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது எதற்கானது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடைப்புக்குறி இல்லாமல் பிரின்ட் எழுதியிருந்தால் புதிய பைத்தான் உடனே நிறுத்தி, அடைப்புக்குறியைக் காணோம் என்று சொல்லிவிடும். அது நல்ல எர்ரர். வகுத்தல் அப்படிச் சொல்லாது. 80, 75, 90 ஆகிய மூன்று மதிப்பெண்களின் கூட்டல் 245. அதை 3-ஆல் வகுத்தால் பழைய பைத்தானில் 81. புதியதில் 81.666 என்று நீளும். புத்தகத்தில் ஒரு விடை, திரையில் வேறொரு விடை. முதல் வாரம் படிக்கிற பிள்ளை எதை நம்பும்?

என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான். அந்தப் பிள்ளை புத்தகத்தைச் சந்தேகப்படாது. அச்சில் இருப்பது சரி, ஆசிரியர் கொடுத்தது சரி, தப்பு தன் மூளையில்தான் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் வந்தவர்களுக்கு, பக்கத்தில் கேட்க அண்ணனோ அக்காவோ இல்லாதவர்களுக்கு, இது இன்னும் வேகமாக நடக்கிறது. எனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறவர்களில் எத்தனை பேருடைய கையில் இருந்தது காலாவதியான பாடம் என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடிப்படை மாறாது, பழைய புத்தகத்தில்தான் ஆழம் உண்டு என்று மூத்த பேராசிரியர்கள் சொல்வார்கள். 1978-ல் வந்து 1988-ல் திருத்தப்பட்ட சி மொழிப் புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள், உண்மைதான். எது மாறியது என்று பிரித்தறியத் தெரிந்தவர்களுக்கு அது பொக்கிஷம். இங்கே பேசுவது அவர்களைப் பற்றி அல்ல.

சரி, எதை எடுப்பது? மொழியை உருவாக்கிப் பராமரிப்பவர்களே எழுதும் டுடோரியலில் தொடங்குங்கள் என்பேன். காசு கிடையாது, மொழியோடு சேர்ந்தே அதுவும் திருத்தப்படும். பைத்தான் டாகுமென்டேஷனில் பக்கத்தின் மேலேயே வெர்ஷன் எண் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ரஸ்ட் மொழியின் இலவசப் புத்தகம், எந்த வெர்ஷனை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மொழியோடு சேர்த்தே அது இறங்கிவிடுவதால் இன்டர்நெட் இல்லாமலும் படிக்கலாம். கோ மொழிக்கு பிரவுசரிலேயே செய்து பார்க்கும் பயிற்சி உண்டு. ஆனால் பைத்தான் டுடோரியல், வேறு மொழியில் கோடிங் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. முதல்முறையாகத் தொடங்குபவர்களுக்கு நம் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்கள் கைகொடுக்கும். 2018-19 மாற்றத்துக்குப் பிறகு பதினொன்றில் சி பிளஸ் பிளஸும் பன்னிரண்டில் பைத்தானும் இருக்கின்றன. தமிழிலேயே, இலவசமாகவே கிடைக்கின்றன.

வீடியோ பார்ப்பதாக இருந்தால், பதிவேற்றிய தேதியை மட்டும் நம்ப வேண்டாம். பாடம் எடுப்பவரின் திரையில் வெர்ஷன் எண் தெரிகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஏஐ-யிடம் கேட்பதாக இருந்தாலும் வெர்ஷனைச் சொல்லியே கேளுங்கள். அது பழையதையும் புதியதையும் சேர்த்தே படித்திருக்கிறது.

தமிழில் இருக்கும் பாடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்வத்தோடு எழுதுகிறார்கள், இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் திருத்திய பதிப்பு வருவது அரிது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு ஒன்று பழசானால் இன்னொன்று கிடைக்கும். தமிழ்வழியில் வந்தவருக்கு இருப்பதே சில. அவையும் பழசானால் போவதற்கு வேறு இடம் இல்லை. தமிழில் கம்ப்யூட்டர் பாடம் எழுதுகிறவர்கள், எடுத்துக்காட்டுகளை எந்த வெர்ஷனில், எந்த மாதம் ஓட்டிப் பார்த்தோம் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கல்லூரி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் பதிவு எண்ணும் எழுதச் சொல்கிறீர்கள். அதற்குக் கீழே, எந்த கம்பைலர், எந்த வெர்ஷன் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.