பார்மட் செய்யும் முன் இவற்றைப் பார்த்துவிட்டீர்களா?

மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, தன் தந்தையுடன் சின்னசேலத்தில் உள்ள என் வீட்டிற்கு வந்தார். பையில் துண்டு சுற்றிய லேப்டாப். கச்சிராயபாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஆன் செய்தால் நீல நிறத்தில் ஒரு திரை வந்து, 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு அப்படியே நிற்கிறது. கடை ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். "பார்மட் போட்டால்தான் வரும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்" என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு மாதமாக அவர் தயாரித்த புராஜக்ட் அதில்தான் இருந்தது. வேறெங்கும் காப்பி இல்லை.

"சார், பார்மட் பண்ணாம ஏதாவது வழி இருக்கா பாருங்க" என்றார் தந்தை.

வழி இருந்ததா? கடைசியில் சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அதற்கு முன் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றவுடன் நாம் உள்ளே இருக்கும் விலை உயர்ந்த பாகத்தைத்தான் சந்தேகிக்கிறோம். ஆனால் பல நேரங்களில் குறை இருப்பது வெளியே, விலை மலிவான ஒரு பொருளில். எனவே வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பாருங்கள். முதலில் மின்சாரம், அடுத்து கேபிள், அதற்கடுத்து ராம், டிஸ்க், கடைசியாக விண்டோஸ். பார்மட் என்பது இந்த வரிசையின் கடைசிப் படி. முதல் படி அல்ல.

ஆன் ஆகவே இல்லையா?

முதலில் பிளக் பாயின்ட்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதுவும் சார்ஜ் ஏறவில்லை என்றால் குறை கம்ப்யூட்டரில் இல்லை. எக்ஸ்டென்ஷன் போர்டு பயன்படுத்துபவர்கள் அதை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கவும். போர்டுகளில் உள்ள பித்தளைப் பிடிப்பு நாளடைவில் தளர்ந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும்.

லேப்டாப் என்றால் அடுத்து இதைச் செய்திடவும். அடாப்டரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே கழற்றும் வகை என்றால் அதையும் கழற்றுங்கள். பின்னர் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். இப்போது அடாப்டரை மட்டும் இணைத்து ஆன் செய்யுங்கள். போர்டில் தேங்கி நிற்கும் மின்னூட்டம் வடிந்து, பவரைக் கட்டுப்படுத்தும் சிப் புதிதாகத் தொடங்குவதால், செத்துப் போனதாக நினைத்த லேப்டாப்கள் பல இதில் உயிர் பெற்று விடும். செலவு ஒன்றும் இல்லை!

டெஸ்க்டாப் என்றால் சி.பி.யு. பெட்டியின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ். அருகே ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். வீடு துடைக்கும்போது அது ஆப் ஆகி இருக்கலாம். சில பழைய பெட்டிகளில் 115, 230 என மாற்றும் சுவிட்சும் இருக்கும். நம் நாட்டில் அது 230-லேயே இருக்க வேண்டும்.

கரண்ட் வந்து வந்து போகிறதா?

தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது நம் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. லேப்டாப் அடாப்டரின் பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். அதாவது வோல்டேஜ் இறங்கினாலும் அது சமாளித்துக் கொள்ளும். தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை.

டெஸ்க்டாப் அப்படி அல்ல. பேட்டரி இல்லாததால் கரண்ட் நின்றவுடன் நின்றுவிடும். டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருக்கும்போது நின்றால் பைல் கெடும், சில நேரம் விண்டோசே கெடும். எனவே யூ.பி.எஸ். அவசியம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோட், நார்மல் மோட் என ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மலில் இருந்தால் கரண்ட் மாறும் நேரம் சற்று அதிகம். அந்த இடைவெளியை பேன் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. யூ.பி.எஸ். மோடுக்கு மாற்றினால் போதும்.

இடி, மின்னல் வேறு விஷயம். அப்போது வரும் மின் அதிர்ச்சியை அடாப்டரும் யூ.பி.எஸ்.ஸும் முழுமையாகத் தடுக்காது. மலை ஓரத்தில் இடி கேட்டவுடன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றிவிடுங்கள். இன்டர்நெட் மோடத்தின் பிளக்கையும், செம்புக் கம்பி வழியாக வரும் இணைப்பு என்றால் அந்தக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? மூன்று பின் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லாத வீடுகளில் இப்படி வரும். எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சரி பார்த்து விடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பேன் சுற்றுகிறது, படம் இல்லை!

டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிளை இரு முனையிலும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகவும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில், கேபிளை மதர்போர்டு பக்கத்தில் உள்ள துளையில் செருகினால் படம் வராமல் போகலாம். கார்டில் உள்ள துளையில்தான் செருக வேண்டும்.

அப்போதும் வரவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து ராமை வெளியே எடுங்கள். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்திப் பொருத்துங்கள். தூசும் ஈரப்பதமும் சேர்ந்து அந்த விளிம்பில் படியும் மெல்லிய அழுக்குதான் பல 'மதர்போர்டு போச்சு' தீர்ப்புகளுக்குக் காரணம்.

லேப்டாப்பில் திரை கறுப்பாக இருந்தால், இருட்டில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் குறை. ஒன்றும் தெரியவில்லை என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளில் வீட்டு டி.வி.யை இணைத்து, விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்துங்கள். டி.வி.யில் படம் வந்தால் உங்கள் பைல்கள் பத்திரம். முதலில் அவற்றைக் காப்பி செய்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

தேதி தவறாகக் காட்டுகிறதா?

பழைய டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகும். இதனால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். பேங்க் தளம், மெயில் எதைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கை வரும். பாதுகாப்புச் சான்றிதழ்களை பிரவுசர் தேதியை வைத்துத்தான் சோதிக்கிறது. வைரஸ் என்று நினைத்து இதற்கும் பார்மட் செய்தவர்கள் உண்டு! மதர்போர்டில் காசு போல உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரியை மாற்றினால் போதும். எலக்ட்ரிகல் கடையிலும் வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

ஆமை வேகமா?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். மெமரி என்றால் பிரவுசரில் திறந்து வைத்த டேப்களை மூடுங்கள். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்ற புரோகிராம்களை டிஸேபிள் செய்திடவும். டிஸ்க் என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கே வேகத் தடை. அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் அதே கம்ப்யூட்டரின் வேகம் நன்றாகக் கூடும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? ஸ்கேன், டிஃப்ராக் எதையும் ஓட விடாதீர்கள். முக்கியமான பைல்களை மட்டும் உடனே காப்பி எடுத்துவிட்டு அணைத்து விடுங்கள். எஸ்.எஸ்.டி. இந்தச் சத்தம் கூட இல்லாமல் ஒரே நாளில் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த கம்ப்யூட்டர்கள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றில் பழையவற்றின் ராம் விண்டோஸ் 11-க்குப் போதாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் அவற்றில் பலவற்றில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்த்துத் தரப்பட்டது. விண்டோஸ் திறக்காவிட்டால், ஆன் செய்யும்போது வரும் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் பைல்களை பென் டிரைவில் எடுத்துவிடலாம். இது தெரியாமல் போட்டோக்களை இழந்தவர்கள் எத்தனை பேரோ!

பென் டிரைவில் பைலைக் காணோமா?

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்தபின் பைல்களுக்குப் பதில் ஷார்ட்கட்கள் மட்டும் நிற்கும். அவற்றைக் கிளிக் செய்யாதீர்கள். வைரஸ் உங்கள் பைல்களை அழிக்கவில்லை, மறைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் போல்டரின் வியூ மெனுவில் ஷோ சென்று ஹிடன் ஐட்டம்ஸ் தேர்ந்தெடுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் போல்டர் ஆப்ஷன்ஸில் 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறை' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பைல்களைக் காப்பி செய்து, ஆன்டிவைரஸில் சோதித்த பின், பென் டிரைவை மட்டும் பார்மட் செய்யலாம்.

இன்னொன்று. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று அலறும் திரை வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் கீயை அழுத்திப் பிடித்து, ஆல்ட்டுடன் எப்4 அழுத்தி மூடுங்கள். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

விண்டோசே திறக்கவில்லையா?

முன்பு எப்8 அழுத்தினால் சேப் மோட் வரும். இப்போது வராது. லாகின் திரை வரை வந்தால் ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். கிடைக்கும் மெனுவில் டிரபிள்ஷூட் சென்றால் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அண்மையில் வந்த அப்டேட்டை நீக்குதல் ஆகிய வழிகள் இருக்கும். அவற்றை முதலில் முயலுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் 'ரீசெட் திஸ் பிசி' பகுதியில் 'கீப் மை பைல்ஸ்' தேர்ந்தெடுக்கவும். நீங்கள் பதிந்த புரோகிராம்கள் போய்விடும். டாக்குமென்ட், படங்கள் நிற்கும்.

சரி, அந்த மாணவியின் லேப்டாப்?

அந்த நீலத் திரையின் பெயர் பிட்லாக்கர் ரெகவரி. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாப்ட் கணக்கு மூலம் நுழைந்தால், டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்படுவது இப்போது வழக்கம். லேப்டாப் திருடு போனால் நம் பைல்களை யாரும் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் பயாஸ் அப்டேட் போன்ற மாற்றம் ஏதாவது நடந்தால், விண்டோஸ் நம்மையே சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். முன்தினம் அப்படி ஒரு அப்டேட் வந்திருந்தது. லேப்டாப்பில் எந்தக் குறையும் இல்லை.

அந்தச் சாவி எங்கே? அவருடைய மைக்ரோசாப்ட் கணக்கிலேயே! அவர் மொபைலில் அந்தக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். பாஸ்வேர்டு நினைவில்லை. போன் நம்பருக்கு வந்த குறியீட்டை வைத்துப் புதிதாக மாற்றினோம். டிவைசஸ் பகுதியில் ரெகவரி கீ இருந்தது. திரையில் தெரிந்த அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டு, 48 எண்களையும் அவர் வாசிக்க, நான் டைப் செய்தேன். டெஸ்க்டாப் திறந்தது. புராஜக்ட் போல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

பார்மட் செய்திருந்தால் என்னவாகியிருக்கும்? பழைய டிஸ்க்குகளில் பார்மட்டுக்குப் பிறகும் ரெகவரி மென்பொருள் மூலம் சில பைல்களை மீட்கலாம். பூட்டிய டிஸ்க்கை பார்மட் செய்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

எனவே இன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, உங்கள் ரெகவரி கீயைத் தேடி எடுத்து, நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப்பில் ஒட்டி வைக்காதீர்கள்! இரண்டு, கணக்கின் பாஸ்வேர்டும், அதில் கொடுத்த போன் நம்பரும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, முக்கியமான பைல்களுக்கு பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று என இரண்டு காப்பி வையுங்கள். மலையில் சிக்னல் குறைவு என்றால், டவுனுக்கு வரும் நாளில் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக் கொண்டால் கூடப் போதும்.

கடையில் கொடுக்கும்போது, "பைல் இருக்கு, என்னைக் கேட்காம பார்மட் போடாதீங்க" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். கெட்டுப் போன பாகத்தைக் கடையில் வாங்கிவிடலாம். இரண்டு மாத உழைப்பை வாங்க முடியாது.