லயத்து வீட்டில் ஓர் அருங்காட்சியகம்

மன்னர்தம் வாளையும் முடியையும் காட்சிக்கு வைத்துக் காப்போர் பலர். தோட்டத் தொழிலாளி சுமந்த கூடையைக் காப்போர் யார்? இலங்கையில், கம்பளைக்கு அருகேயுள்ள ஓல்ட் பீகொக் தேயிலைத் தோட்டத்தில் அத்தகையதோர் இடம் உண்டு. தமிழகத்தினின்று குடிபெயர்ந்தோரின் வழியினர் வாழ்ந்த பழைய லயத்து வீடுகளை, 2007-ஆம் ஆண்டில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் அருங்காட்சியகமாக்கிற்று. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, சமையற் கலங்கள், பழைய ஆவணங்கள் என அங்குள்ளவை தோட்டத்துக் குடும்பங்களிடமிருந்து திரட்டப்பட்டவை.

பழம்பொருளாற் பயன் யாது என்பார்க்கு வரலாறே விடை கூறும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. அது காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருள் சிலர், நம் கருநாடகத்துச் சுள்ளியா ரப்பர்த் தோட்டங்களிலும் குடியேறினர்.

பெங்களூரில் வாழும் நம்மிற் பலரும் குடிபெயர்ந்தோரின் வழிவந்தோரே. பாட்டனாரின் வேலைச் சீட்டு, பாட்டியாரின் பித்தளைத் தூக்கு முதலியன நம் பரண்களில் கிடக்கக்கூடும். அவற்றைப் பழைய பாத்திரக் கடையில் போடுமுன், யாருடையது, எவ்வூரினின்று எவ்வாண்டில் வந்தது என்பதை முதியோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி உடன் வைப்போமாக. சொல்லத்தக்கவர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.