ஒளித் துப்பாக்கியும் ஒன்பது வயது மகனும்

கோடை விடுமுறைக்காகச் சென்னையிலுள்ள என் தமக்கையின் இல்லத்திற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பகலுணவும் அருந்திய வேளையில், தமக்கையின் மகன் என்னிடம் வந்தான். “மாமா! லேசர் டேக் விளையாடப் போகலாமா? இவனையும் அழைத்துப் போவோம்” என்றான்.

‘இவன்’ என்பது என் மகன். வயது ஒன்பது. இரவில் கொல்லைப்புறத்திற்குத் தனியே செல்லத் தயங்குபவன். அவனோ, “போகலாம் வாப்பா” என்று என் கையைப் பற்றி இழுத்தான். அவ்விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாமலேயே நானும் புறப்பட்டேன். தவறு அங்கேதான் தொடங்கிற்று.

ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் அந்த விளையாட்டுக் களம் இருந்தது. ஓடக்கூடாது, பிறரைத் தள்ளக்கூடாது, அங்கியிலுள்ள விளக்குகளைக் கையால் மறைக்கக்கூடாது என்று பணியாளர் விதிகளைக் கூறினார். பின்னர், மார்பிலும் முதுகிலும் தோளிலும் விளக்குகள் பொருத்திய அங்கியை அணிவித்து, அதனுடன் இணைந்த பொம்மைத் துப்பாக்கியையும் கொடுத்தார். கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு; புகைமூட்டம்; காதைப் பிளக்கும் இசை. சுவரில் தீட்டிய வண்ணங்கள் மட்டும் பளபளத்தன. அவற்றைவிட அதிகமாகப் பளபளத்தவர்கள் நாங்கள் இருவருமே! தொழுகைக்கு அணிந்த வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் அந்த இருளில் நீலச் சுடராய் ஒளிர்ந்தன.

ஒளிந்துகொள்ள வழியில்லை. எத்திசையிலிருந்தும் எங்களைக் குறிவைத்தனர். “செத்துட்டே! நீ செத்துட்டே!” என்று பெரிய பையன்கள் கூவினர். சில நிமிடங்களில் என் மகன் ஒரு மூலையில் குந்திவிட்டான். “வெளியே போயிடலாம் வாப்பா” என்றபோது அவன் குரல் உடைந்திருந்தது. வெளியே வந்தோம். பிறகு அச்சிட்டுத் தந்த மதிப்பெண் தாளில் அவன் பெயர் கடைசியில் இருந்தது. வீடு சேரும்வரை அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அறிந்தால் அச்சம் விலகும்

அன்றிரவு மருமகனிடம் கேட்டும், படித்தும் சில செய்திகளைத் தெரிந்துகொண்டேன். இவ்விளையாட்டுக்கென முதல் பொதுக் களத்தை அமைத்தவர் ஜார்ஜ் கார்ட்டர் என்னும் அமெரிக்கர். 1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தைக் கண்டு தூண்டுதல் பெற்ற அவர், 1984இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ‘ஃபோட்டான்’ என்ற பெயரில் அதைத் திறந்தார். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவிற்று.

பெயரில் லேசர் இருப்பினும், பெரும்பாலான களங்களில் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒளிக்கோடு அழகுக்கே. மதிப்பெண்ணுக்குக் கணக்காவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட்டிலிருந்து வெளிப்படுவதும் அதே வகைக் கதிர்தான். எதிராளியின் அங்கியிலுள்ள உணர்விகள் அதைப் பெற்றதும், அவருடைய துப்பாக்கி சில நொடிகள் செயலிழக்கும். பிறகு தானே உயிர்பெறும். அவ்வளவே.

மகனை அருகழைத்து, ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் கேமராவுக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்தச் சொன்னேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத கதிர், கைப்பேசித் திரையில் ஊதாப் புள்ளியாய் மின்னியது. “இதுதானா என்னைச் சுட்டது?” என்று அவன் வியந்தான்.

வெள்ளைச் சட்டையின் மர்மத்தையும் விளக்கினேன். களத்தினுள் புற ஊதா விளக்குகள் எரிகின்றன. துணி வெண்மையாகத் தோன்றச் சலவைத் தூளில் சேர்க்கும் பொருள், அக்கதிரை உள்வாங்கி நீலவொளியாக வெளியிடுகிறது. “அப்படியானால் என்னைத் தோற்கடித்தது உம்மாவின் சலவைத் தூள்!” என்றான். அன்று மாலைக்குப் பின் அவன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

துப்பாக்கி எங்கே முடிய வேண்டும்?

சிரிப்பு நீடிக்கவில்லை. அவன் அதே ரிமோட்டை ஐந்து வயதுத் தங்கையின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, “நீ செத்துட்டே!” என்றான். அவள் வீறிட்டு அழுதாள். என் மனம் துணுக்குற்றது.

விளையாட்டுத்தானே என்று விட்டுவிட இயலாத காரணம் ஒன்றுண்டு. 1986இல் இவ்விளையாட்டின் வீட்டுப் பொம்மைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. மறு ஆண்டே, 1987இல், கலிபோர்னியாவில் இரவு வேளையில் அத்தகைய பொம்மையுடன் விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் ஒருவர், உண்மைத் துப்பாக்கி ஏந்தியவர் எனத் தவறாகக் கருதப்பட்டுக் காவல் அதிகாரியால் சுடப்பட்டு உயிரிழந்தார். பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டுமென அந்நாட்டில் 1988இல் சட்டம் இயற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நான் கூறவில்லை. கூறியது இதுதான்: “கபடியில் அவுட் ஆனவன் மறுபடி ஆட்டத்துக்கு வருகிறான் அல்லவா? இதுவும் அப்படித்தான். செத்தவர்கள் சில நொடியில் எழுந்து வருவதில்லை. ஆகவே நாம் ‘அவுட்’ என்றே சொல்வோம். குறிபார்ப்பது களத்தினுள், அங்கி அணிந்தவரிடம் மட்டும். வெளியே யாரிடமும், எதைக் கொண்டும் வேண்டாம்.” அவன் சற்று யோசித்தான். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையின் அருகில் சென்று அமர்ந்தான்.

இரண்டாம் முறை

நான்கு நாட்களுக்குப் பின், கூட்டம் குறைந்த ஒரு காலை வேளையில் மீண்டும் சென்றோம். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை மகனிடமே விட்டிருந்தேன். இம்முறை இருவரும் கருநீலச் சட்டை அணிந்தோம். ஆட்டத்திற்கு முன் களத்தைச் சுற்றிக் காட்டுமாறு பணியாளரிடம் வேண்டினேன், அவரும் இசைந்தார். வழிகளையும் மறைவிடங்களையும் பார்த்தபின் இருள் அவனுக்குப் பழகிய இடமாயிற்று. மருமகனையும் எங்கள் அணியிலேயே சேர்த்துக்கொண்டோம்.

முதல் இரண்டு நிமிடங்கள் என் விரலைப் பற்றியிருந்தான். பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. “நீங்கள் இந்தப் பக்கம் பாருங்கள் வாப்பா, நான் மச்சானோடு போகிறேன்” என்று சொல்லி மறைந்தான். அவ்வாட்டத்திலும் அவன் வெல்லவில்லை. கடைசிக்கு இரண்டு இடம் முன்னே நின்றான். ஆயினும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டான்.

பெற்றோர்களே! பிள்ளையை முதன்முறை அழைத்துச் செல்லும்போது வயது, உயரம் குறித்த விதிகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்குப் புகைமூட்டமும், வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு விட்டுவிட்டு மின்னும் விளக்குகளும் தீங்கு தரலாம். மருத்துவரைக் கேளாமல் அழைத்துச் செல்லாதீர்கள். அடர்நிற ஆடையும், கால் வழுக்காத காலணியும் அணிவியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, உள்ளே நடக்கப்போவது என்ன என்பதை முதல் நாளே சொல்லுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை அதுவே. அதைச் செய்யாததால், என் மகன் ஒரு மாலைப் பொழுதை அந்த மூலையில் இழந்தான்.