உங்களுக்குத் தெரியுமா? – வயலின் வராத கச்சேரி

போன நவராத்திரியில் பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கொலுக் கச்சேரி. பாட்டு, வயலின், மிருதங்கம் என்று மூன்றே பேர். வயலின்காரர் பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டும், பினாங்குப் பாலத்தில் நெரிசல். பாடுகிற அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவன்.

“தம்பி, தனியா ஒண்ணும் வாசிக்க வேணாம். நான் நிறுத்துற இடத்துல சட்ஜமத்தைப் பிடிச்சுக்கோ.”

“எத்தனை கட்டைக்கா?”

“அஞ்சு.”

கச்சேரி நடந்தது. ஒரு வாத்தியத்தின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்த கதைகளை அன்றிரவே குறித்துவைக்கத் தொடங்கினேன்.

● ஐந்து கட்டை என்றால் மேற்கத்திய ‘ஜி’. ஆனால் அந்தப் பையன் விரல் வைத்தது ‘ஏ’ சுரத்துக்கு. பேண்டுகளில் வழங்கும் பி-பிளாட் கிளாரினெட், எழுதிய சுரத்தைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும். அவன் அதை மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டான்.

● நாம் காத்திருந்த வயலினே ஒரு காலத்தில் மாற்றாக வந்ததுதான். அதற்கு முன் பாட்டுக்குத் துணை நின்றவை வீணையும் குழலும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (பிறப்பு 1786) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்த பரிசு, தந்தத்தாலான வயலின்.

வந்த வாத்தியம் வந்தபடியே நிற்கவில்லை. தோளிலிருந்து இறங்கி, தலைப்பகுதி வலது பாதத்தில் ஊன்றியது. நான்கு தந்திகளும் ஸ-ப-ஸ-ப என்று சுருதி மாறின. மெட்டு இல்லாததால் கமகத்துக்கு விரல் வழுக்கிப் போகலாம். வில் இருப்பதால் நாதம் அறாமல் நீளும். பாடுபவர் எந்தச் சுருதியில் பாடினாலும் தந்தியை முறுக்கிச் சேர்த்துவிடலாம். வீணையை மதிக்கிறவன்தான் நான். ஆனாலும் குரலுக்குப் பின்னாலேயே நடக்க வயலினைப் போல வேறொன்று இல்லை.

● குழலுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு குழலுக்கு ஒரு சுருதிதான். பாடுபவர் மாறினால் வேறு குழல் எடுக்க வேண்டும். கடமும் அப்படியே. சுட்டெடுத்த பிறகு பானையின் சுருதி ஏறக்குறைய நிலைத்துவிடுவதால், கடக் கலைஞர்கள் சுருதிக்கொரு பானை வைத்திருப்பார்கள்.

● பாலுசாமி பிறந்த அதே 1786-ல், வியன்னாவில் மொஸார்ட் கிளாரினெட், வியோலா, பியானோ மூன்றுக்கும் ஒரு படைப்பு எழுதினார் (கே. 498). தன் நண்பர் ஸ்டாட்லர் கிளாரினெட் வாசிக்க, வியோலாவைத் தானே எடுத்துக்கொண்டார். 1788-ல் ஆர்த்தாரியா நிறுவனம் அதை அச்சிட்டபோது முகப்பில் இருந்தது வயலின். வயலின் பகுதியைக் கிளாரினெட்டிலும் வாசிக்கலாம் என்று குறிப்பு! யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வாத்தியமே மாற்றாகிவிட்டது.

● பேத்தோவன் கிளாரினெட், செலோ, பியானோவுக்கு எழுதிய ஓபஸ் 11-லும் கிளாரினெட்டுக்குப் பதில் வயலின் வாசிக்கலாம். ஆனால் கிளாரினெட்டின் அடிச்சுரங்கள் சில வயலினில் இல்லவே இல்லை. அவற்றை மேல் ஸ்தாயிக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். பிராம்ஸின் ஹார்ன் டிரையோவில் (1865) ஹார்னுக்குப் பதில் செலோவோ வியோலாவோ வரலாம்.

● ஹைடன் தன் எஜமானர் இளவரசர் எஸ்தர்ஹாசிக்காக பாரிட்டன், வியோலா, செலோ சேர்க்கைக்கு மட்டும் 120-க்கும் மேற்பட்ட டிரையோக்கள் எழுதினார். வில்லால் இழுக்கும் தந்திகளுக்குப் பின்னால், கட்டைவிரலால் மீட்டும் தந்திகளும் பாரிட்டனில் உண்டு. அதை வாசிப்பவர்கள் அரிதாகிவிட்டதால், வேறு தந்தி வாத்தியங்களே பெரும்பாலும் அந்த இடத்தை நிரப்புகின்றன.



● கத்ரி கோபால்நாத் (1949–2019) நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு, அதைக் கையில் எடுத்தார். கமகம் பிடிப்பதற்காகக் கருவியிலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். மாண்டலின் சீனிவாஸ் (1969–2014), இரட்டைத் தந்திகள் கொண்ட வழக்கமான மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினுக்குப் போனார். நாதம் நீடிக்க வேண்டும், அதுதான் காரணம்.

● கஞ்சிராவுக்குக் கட்டிவந்தது உடும்புத் தோல். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால், ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன.

● நம் மலேசியாவிலும் ஒரு கதை உண்டு. வட இந்தியாவிலிருந்து வந்த கஜல், ஜொகூரில் மலாய் கஜல் ஆனபோது சாரங்கியின் இடத்தை வயலினும் சித்தாரின் இடத்தை கம்புஸும் பிடித்தன. ஆர்மோனியமும் தபலாவும் இடம் மாறவில்லை.

● கடைசியாக, என் மனத்தை அறுப்பது. நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்று நான்கும் சேர்ந்ததுதான் மேளம். ஒத்து பார்வைக்கு நாகசுரம் போலவே இருக்கும். விரல் துளைகள் இருக்காது, ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பெங்களூரு ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அத்தகைய மின்னணுச் சுருதிப் பெட்டிகள் இன்று மேளத்தில் ஒத்தின் இடத்தில் இருக்கின்றன. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும்போது மேளக்காரர் பக்கத்தில் பாருங்கள், பெட்டிதான் இருக்கும். சுருதி பிசகாது, உண்மைதான். ஆனால் ஒத்து ஊதியவர் பெரும்பாலும் வித்துவானின் சீடப்பிள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குருவின் விரலைப் பார்த்தபடி, ராகம் வளர்வதைக் காதோரம் கேட்டு வளர்ந்தவன். பெட்டி அவனுடைய வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அவன் உட்கார்ந்து கற்ற இடத்தையும் எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு மங்களம் பாடும் நேரத்தில் வயலின்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். பையன் எழுந்திருக்கப் போனான். “உட்காருடா” என்றார் அக்கா. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பாடிப் பழகும்போது அவனும் கிளாரினெட்டோடு பக்கத்தில் உட்காருகிறான்.