குழியை நிரப்பிக் கரையும் செயற்கை எலும்பு

எலும்பினுள் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தோளை ஒட்டிய கை எலும்பிலும் இடுப்பை ஒட்டிய தொடை எலும்பிலும் வரும் நீர்க்கட்டி, விரல் எலும்புகளில் வரும் குருத்தெலும்புக் கட்டி, 20 முதல் 40 வயதுக்குள் முழங்காலைச் சுற்றி அதிகம் காணப்படும் ராட்சத செல் கட்டி ஆகியவை இந்த வகை. இவை பரவி உயிரைப் பறிப்பது மிக அரிது. ஆனால் உள்ளிருந்தபடியே எலும்பின் சுவரை அரித்து மெலிதாக்கிவிடும். சாதாரணமாகத் தடுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்து, எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் பலருக்குக் கட்டி இருப்பதே தெரியவருகிறது.

எல்லாக் கட்டிக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சில வகைகள் வயது ஏற ஏறத் தாமே மறைந்துவிடும். வலி தருபவை, வளர்ந்துகொண்டே போகிறவை, எலும்பை முறிக்கும் அளவுக்கு மெலிதாக்கியவை ஆகியவற்றை மட்டும், எலும்பில் ஒரு சாளரம் திறந்து, கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுக்கிறார்கள். சிறிய குழியை உடலே நிரப்பிக்கொள்ளும். உடல் எடையைத் தாங்கும் இடத்தில் பெரிய குழி இருந்தால் அதை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும்.

நிரப்புவதற்கு மிகச் சிறந்தது நோயாளியின் சொந்த எலும்பு. இடுப்பு எலும்பின் மேல்விளிம்பிலிருந்து வெட்டியெடுக்கும் இந்த எலும்பில் உயிருள்ள செல்களும் எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் இருக்கின்றன. ஆனால் அதற்கு இன்னொரு காயம், இன்னொரு வலி. சிறு குழந்தையிடம் எடுக்கக்கூடிய அளவும் குறைவு. பிறர் தானமாகத் தந்த எலும்பைப் பதப்படுத்திப் பயன்படுத்தலாம். அதில் தொற்று வராதபடி கடுமையான பரிசோதனைகள் தேவை. செயற்கை மாற்றுகளைத் தேடியதற்கு இவையே காரணம்.

அந்தத் தேடல் மாவுக்கட்டுக்கு உதவும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலிருந்தே தொடங்கியது. கால்சியம் சல்பேட்டான அந்த மாவைக் கொண்டு எலும்புக் குழிகளை நிரப்பியதை 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ட்ரீஸ்மன் பதிவுசெய்தார். 1920இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃப்ரெட் ஆல்பி கால்சியம் பாஸ்பேட்டைச் சோதித்தார். 1969இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச், எலும்போடு ஒட்டிப் பிணையும் கண்ணாடியை உருவாக்கினார்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது. அது ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டை ஒத்தது. அதனால் இதே குடும்பத்துச் செயற்கைத் துகள்களை உடல் அந்நியமாகக் கருதி ஒதுக்குவதில்லை. துகள்களில் ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே ரத்தக் குழாய்கள் நுழைகின்றன. பின்னால் எலும்பு செல்கள் வருகின்றன. ஒருவகைச் செல் துகளை அரிக்க, மற்றொருவகைச் செல் அந்த இடத்தில் புது எலும்பைப் படியவைக்கிறது. கொடிக்குப் பந்தல் எப்படியோ, அப்படித்தான் எலும்புக்கு இந்தத் துகள். வளர்வது கொடியே தவிரப் பந்தல் அல்ல.

பந்தல் எப்போது மறைகிறது என்பதுதான் முக்கியம். கால்சியம் சல்பேட் ஓரிரு மாதங்களில் கரைந்துவிடும். எலும்பு வளர்வதற்குள் அது கரைந்தால் குழி மீண்டும் வெறுமையாகும். கரையும்போது காயத்திலிருந்து நீர் வடிவதும் உண்டு. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் கரைய ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம். ஹைட்ராக்சிஅபடைட் பல ஆண்டுகள் அப்படியே தங்கிவிடும். ஆகவே வேகமாகக் கரைவதையும் மெதுவாகக் கரைவதையும் கலந்த கலவைகள் இப்போது புழக்கத்தில் உள்ளன.

இவற்றுக்கு வரம்புகளும் உண்டு. பீங்கானைப் போல எளிதில் நொறுங்குவதால், புது எலும்பு உறுதிப்படும்வரை பாரம் தாங்காது. தேவைப்பட்டால் உலோகத் தகடு பொருத்துவார்கள். கட்டி திரும்ப வராமல் தடுப்பதும் இவற்றின் வேலை அல்ல. அது பெரும்பாலும் எவ்வளவு சுத்தமாகச் சுரண்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. மீண்டும் தலைதூக்கும் இயல்புள்ள ராட்சத செல் கட்டிக்குப் பல மருத்துவர்கள் கரையாத எலும்பு சிமென்ட்டையே வைக்கிறார்கள். அது உடனே பலம் தரும். கட்டி திரும்பினால் சிமென்ட்டின் ஓரத்தில் கருமையாகத் தெரியும்.

சிகிச்சையின் பலனைக் காட்டுவது அடுத்தடுத்து எடுக்கும் எக்ஸ்ரே. கரையும் வகைத் துகள்கள் முதல் படத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அவற்றின் விளிம்பு மங்கி, எலும்பின் இயல்பான கோடுகள் குறுக்கே ஓடத் தொடங்கும். வைத்த பொருளைப் படத்தில் தேடியும் காணமுடியாதபோது, அங்கே இருப்பது நோயாளியின் சொந்த எலும்பு.